வாசலும் படிக்கட்டும்

ஒருவர் எங்கே தொடங்கினார் என்பதைக் கேட்டே, அவர் எங்கே சென்று சேர்வார் எனக் கணித்துவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பிள்ளை பெயர் பெற்ற கல்லூரியில் சேர்ந்திருந்தால் உறவினர் முகம் மலர்கின்றது. பக்கத்து ஊர்க் கல்லூரி என்றால், 'சரி, ஏதோ படிக்கட்டும்' என்று பேச்சு முடிந்துவிடுகின்றது. அந்த ஒரு சொல்லில் ஓர் இளைஞனின் எதிர்காலம் அளந்து கொடுக்கப்பட்டு விடுகின்றது.

நெடுந்தொலைவு போக வேண்டிய படிப்புகளில் இந்தக் கணிப்பு இன்னும் கடுமையாக வந்து நிற்கும். இயற்பியல் அத்தகைய படிப்பு. இளங்கலை மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு, அதன்பின் முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாண்டு அல்லது அதற்கும் மேல் எனப் பள்ளிப் படிப்பு முடிந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தால்தான் ஒருவர் ஆய்வாளர் எனத் தலைநிமிர முடியும். மிக எளிய, மிக மலிவான, வீட்டுக்கு மிக அண்மையில் உள்ள ஒரு கல்லூரியில் காலடி வைக்கும் மாணவர் இந்த நெடும்பயணத்தை முடிக்க இயலுமா? இயலும் என்று வரலாறு சொல்கின்றது. ஆனால் சில நிபந்தனைகளோடு சொல்கின்றது. அந்த நிபந்தனைகள் யாவை, கள்ளக்குறிச்சியிலும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையிலும் உள்ள பிள்ளைகளுக்கு அவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதே இங்கு நம் சிந்தனைக்குரியது.

ஜோலியட் தந்த பாடம்

முதலில் கடல் கடந்து ஒரு செய்தியைப் பார்ப்போம். 1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில், உயர்நிலைப் பள்ளித் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பரும் சேர்ந்து ஒரு புதுமுயற்சியைத் தொடங்கினர். பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊரிலேயே கற்பிப்பது, அதை முடித்தவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நேரே சேர்வது என்பதே அவர்கள் திட்டம். ஆறு மாணவரோடு தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்று அமெரிக்கா முழுவதும் பரவியுள்ள சமுதாயக் கல்லூரிகளுக்கு முன்னோடி. 1960-இல் கலிபோர்னியா மாநிலம் தன் உயர்கல்விக்கு வகுத்த பெருந்திட்டத்தில் இக்கல்லூரிகளுக்குத் தனி இடம் கொடுத்தது. பள்ளியில் முன்னணியில் வந்த சிலர் நேரே பல்கலைக்கழகம் செல்லலாம். மற்றவர் எவரும் ஊர்க் கல்லூரியில் தொடங்கலாம். நன்கு படித்தால் பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்பது அதன் சாரம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கட்டணக் குறைவை மட்டுமன்று. ஊர்க் கல்லூரியில் கற்ற பாடத்தைப் பல்கலைக்கழகம் தன் பாடமாகவே ஏற்றுக்கொள்கின்றது. இயற்பியலில் உயர்ந்து செல்ல விரும்பும் மாணவர் முதல் இரண்டு ஆண்டுகளில் நுண்கணிதத்தை வரிசை தவறாமல் கற்க வேண்டும். நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட இயக்கவியலையும் மின்னியலையும் கற்க வேண்டும். அந்த வரிசை கைகூடினால் மூன்றாம் ஆண்டில் எவரோடும் சமமாக அமரலாம். அது தவறினால் ஓராண்டோ ஈராண்டோ வீணாகும். பின்னர் முனைவர் பட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்கள், மாணவர் கடைசி ஆண்டுகளில் என்ன கற்றார், ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தார், அவரை அறிந்த ஆசிரியர் என்ன எழுதுகின்றார் என்பவற்றையே பெரிதும் பார்க்கின்றனர். பாசடீனா ஜூனியர் கல்லூரியில் தொடங்கி லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிய புரூஸ் மெரிஃபீல்டு, 1984-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

நம் நாட்டு இரண்டாந்தரக் கல்லூரிகள்

இது ஏதோ அயல்நாட்டுப் புதுமை என்று நாம் வியக்க வேண்டியதில்லை. ஜோலியட்டுக்கு முன்னரே நம் சென்னை மாகாணத்தில் இத்தகைய ஏற்பாடு இருந்தது. அதற்கு 'இரண்டாந்தரக் கல்லூரி' என்று பெயர். தரம் தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. மெட்ரிக்குலேஷனுக்குப் பிந்திய இரண்டு ஆண்டுப் படிப்பை, அதாவது எஃப்.ஏ. வகுப்பை மட்டும் நடத்தும் கல்லூரி இரண்டாந்தரம், பி.ஏ. வரை நடத்துவது முதல்தரம். எஃப்.ஏ. என்பது பின்னர் இண்டர்மீடியட் ஆயிற்று. மறைப்பணியாளர் நடத்தியவை, நகராட்சிகளும் வள்ளல்களும் தாங்கியவை எனச் சிறு நகரங்களில் இத்தகைய கல்லூரிகள் பல இருந்தன. மதுரை அமெரிக்கன் கல்லூரி பசுமலையில் 1881-இல் இரண்டாந்தரக் கல்லூரியாகத்தான் தன் வாழ்வைத் தொடங்கிற்று. வேலூர் ஊரீஸ் கல்லூரியில் எஃப்.ஏ. படித்துவிட்டுச் சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு மாறிய ஒரு மாணவர், பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவரே தத்துவப் பேராசிரியர் இராதாகிருஷ்ணன்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி பொதுத்தேர்வு. எந்தச் சிற்றூர்க் கல்லூரியில் படித்தாலும் சென்னைப் பல்கலைக்கழகம் வைத்த ஒரே கேள்வித்தாளைத்தான் மாணவர் எழுதினார். அதில் தேறியவர் எந்த முதல்தரக் கல்லூரியின் கதவையும் தட்டலாம். 'நீ எங்கே படித்தாய்?' என்ற கேள்விக்கு முன், 'நீ என்ன வாங்கினாய்?' என்ற கேள்வி வந்தது.

நம் மண்ணின் இயற்பியலாளர் மூவர் இந்த வழியே வந்தவர்கள். அவர்கள் தொடங்கிய கல்லூரிகள் எல்லாம் சிறியவை அல்ல. ஆயினும் மூவருமே முதல் ஈராண்டை ஓரிடத்தில் முடித்து, அடுத்த படிக்கு வேறிடம் மாறியவர்கள்.

முதலாமவர் சர் சி.வி. ராமன். திருச்சியில் 1888-இல் பிறந்த அவர், தந்தை ஆசிரியராகப் பணியாற்றிய விசாகப்பட்டினம் ஏ.வி.என். கல்லூரியில் எஃப்.ஏ. முடித்தார், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. பட்டங்களைப் பெற்றார். ஆனால் எம்.ஏ.வோடு ஏணி முடிந்துவிட்டது. ஆய்வு செய்து வாழ அன்று நாட்டில் வழியில்லை. ஆகவே அவர் நிதித்துறைத் தேர்வெழுதிக் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியானார். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பத்தாண்டுகள் உழைத்த பின்னரே, 1917-இல் அவருக்குப் பேராசிரியர் பதவி வந்தது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது.

இரண்டாமவர் கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். திருவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இண்டர்மீடியட். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பட்டப் படிப்பு. பின் அங்கேயே வேதியியல் ஆய்வகத்தில் செயல்விளக்குநராகச் சிறு பணி. அந்தப் பணியில் இருந்துகொண்டே, உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்து அறிவியல் ஐயங்களை விவாதிப்பது அவர் வழக்கம். 1920-இல் கல்கத்தா சென்றார். 1923 முதல் ராமனுடைய ஆய்வுத் துணைவரானார். 1928-இல் ஒளிச்சிதறலில் புதிய விளைவை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் ராமனோடு சேர்ந்து கையெழுத்திட்டவர் இவரே. 1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

மூன்றாமவர் ஜி.என். ராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த இவர், அங்குள்ள மகாராஜா கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தார். கொச்சி அன்று தனி மன்னராட்சி. ஆயினும் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தமையால், எல்லையைக் கடந்து 1939-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் சேர அவருக்குத் தடையேதும் இருக்கவில்லை. இயேசு சபையினர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி அது. அங்கே தமக்கு இயற்பியலில் பற்று உண்டாக்கியவர்கள் என அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தோருள் அருள்தந்தை ராஜம், சே.ச. அவர்களும் ஒருவர். 1942-இல் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சென்றவரை, அங்கிருந்த ராமன் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானபோது ராமச்சந்திரனுக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. அடையாற்றின் மத்தியத் தோல் ஆய்வு நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காருவின் வால் தசைநாரைக் கொண்டு, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, நம் தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தை 1954-இல் அவர் வெளியிட்டார். 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வகுத்த வரைபடம் இன்றும் உலகெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே வழங்குகின்றது.

இம்மூவரின் திறமை தனித்தன்மையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் திறமை மட்டும் போதியதாக இருந்ததா? ஒவ்வொருவருக்கும் மூன்று துணைகள் கிடைத்தன. ஒன்று, ஊர்க் கல்லூரியின் படிப்பை எங்கும் செல்லுபடியாக்கிய பொதுத்தேர்வு. இரண்டு, பாடத்தின் மீது உண்மையான பற்றுக்கொண்ட ஓர் ஆசிரியர். மூன்று, படி முடிந்த இடத்தில் அடுத்த படிக்குக் கைகொடுத்தவர் ஒருவர். கிருஷ்ணனுக்கும் ராமச்சந்திரனுக்கும் ராமன் கைகொடுத்தார். ராமனுக்கோ அத்தகையவர் உடனே வாய்க்கவில்லை. அதனால் பத்தாண்டுகள் மாலை நேரங்களில் மட்டுமே அறிவியல் செய்ய நேர்ந்தது.

மலைக்கு எட்டாத ஏணி

இந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் எனப் போற்றிவிட இயலாது. அதன் பயனைத் துய்த்தவர்கள் யார்? ராமனின் தந்தை கல்லூரி விரிவுரையாளர். ராமச்சந்திரனின் தந்தை கணிதப் பேராசிரியர். ஏணி நேராக நின்றது. ஆனால் அதன் அடி எல்லாருடைய வாசலிலும் ஊன்றப்படவில்லை. யாக்கோபு கனவில் கண்ட ஏணியின் அடி தரையில் ஊன்றியிருந்தது என்பது நாம் அறிந்ததே. மாகாணத்தின் கல்வி ஏணியோ, உழைக்கும் மக்களின் தரைக்கு மேலே சற்று உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்வராயன் மலையின் கதை இதற்குச் சான்று. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, சேலம் மாவட்டம் வரை பரந்து கிடக்கும் இம்மலையில் வாழ்பவர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் எனக் கருதிவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்பவர்கள். சாமையும் தினையும் விளைவித்து, பின்னாளில் மரவள்ளி பயிரிட்டு, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்ந்த இம்மக்கள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தனர். நாடு 1947-இல் விடுதலை அடைந்த பின்னும் இம்மலைக்கு விடுதலை வரவில்லை. ஜாகீர் முறை நீங்கி அரசின் நிர்வாகம் நிலைபெற்றது 1976-இல்தான். அதுவரை மலையில் பிறந்த ஒரு சிறுவனுக்கு ஊதியமற்ற உழைப்பே விதியாக இருந்தது. கல்லூரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கே ஆண்டுகளைச் சற்று அடுக்கிப் பார்த்தால் ஒரு வருத்தமான உண்மை புலப்படும். சென்னை மாநிலத்தில் இரண்டாண்டு இண்டர்மீடியட் 1956-ஐ ஒட்டி நீக்கப்பட்டு, ஓராண்டுப் புகுமுக வகுப்பான பி.யூ.சி. வந்தது. அதுவும் கல்லூரியிலேயே நடந்தது. 1976-இல் மலை திறந்தது. 1978-இல் பி.யூ.சி. நீங்கி, பள்ளிகளில் பிளஸ் டூ வந்தது. அதாவது, மலைமக்களின் பிள்ளைகள் கல்வியின் வாசலுக்கு வந்து சேர்ந்த அதே வேளையில், கல்லூரியில் தொடங்கும் பழைய ஏணி எடுக்கப்பட்டுவிட்டது.

பிளஸ் டூ வந்ததால் ஏழை மாணவர்க்கு நன்மை இல்லை எனச் சொல்ல முடியாது. கல்லூரிக்கு நெடுந்தொலைவு போகாமல் அண்மையிலுள்ள அரசுப் பள்ளியிலேயே இரண்டாண்டு படிக்க முடிந்தது பெரும் வரமே. ஆனால் ஒரு விளைவை நாம் மறந்துவிடுகின்றோம். முன்பு கல்லூரியில் எடுக்கப்பட்ட முடிவு, இப்போது பதினைந்து வயதில் பள்ளியில் எடுக்கப்படுகின்றது. பிளஸ் ஒன் சேரும்போது கணிதமும் இயற்பியலும் கொண்ட பாடப்பிரிவை எடுக்காத மாணவருக்கு, பி.எஸ்சி. இயற்பியலின் கதவு பொதுவாக அன்றே மூடிவிடுகின்றது. அண்மைப் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லை, அல்லது பிரிவு இருந்தும் ஆசிரியர் இடம் காலி என்றால், பிள்ளை கிடைத்த பிரிவில் சேர்கின்றது. தன் வாழ்வின் ஒரு பெரிய வழி அடைபட்டது என்பதை அது அறிவதும் இல்லை, பெற்றோரும் அறிவதில்லை.

சமுதாயக் கல்லூரிகள்: தந்ததும் தராததும்

கதவு அடைபட்டவர்க்கு மறுவாய்ப்புத் தர நம் நாட்டிலும் ஒரு முயற்சி எழுந்தது. அதில் நம் திருச்சபைக்குப் பெரும் பங்கு உண்டு. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996-இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் சென்னை சமுதாயக் கல்லூரியை நிறுவியது. இயேசு சபைக் குரு அருள்தந்தை சேவியர் அல்போன்ஸ் அவர்கள் சென்னையில் இதற்கென ஓர் ஆய்வு மையத்தையே நடத்தி, நாடெங்கும் இவ்வியக்கம் பரவ உழைத்தார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளின் படிப்புகளுக்கு ஏற்பளித்தது. பின்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பல்கலைக்கழக மானியக் குழுவும் தத்தமக்கெனத் திட்டங்கள் வகுத்தன.

இக்கல்லூரிகளின் நோக்கம் தெளிவானது. பள்ளியை இடையில் விட்டவர், தேர்வில் தவறியவர், ஏழைப் பெண்கள் ஆகியோரை வயதும் மதிப்பெண்ணும் பாராமல் சேர்த்துக்கொள்வது. வாழ்க்கைத் திறன், மொழித் திறன், தொழில் திறன் ஆகியவற்றை ஏறத்தாழ ஓராண்டில் கற்பிப்பது. தொழிலகத்திலோ மருத்துவமனையிலோ நேரடிப் பயிற்சி அளித்து வேலையில் அமர்த்துவது. செவிலியர் உதவியாளராக, மின்பணியாளராக, கணினி இயக்குநராக எத்தனையோ இளையோர் இதனால் சொந்தக் காலில் நின்றனர். பட்டினிக்கும் வேலைக்கும் இடையே நின்றவர்களைக் கைதூக்கிவிட்ட இப்பணியைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகேடாகும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து நாம் பெயரை எடுத்துக்கொண்டோம், வாசலையும் எடுத்துக்கொண்டோம், படிக்கட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஜோலியட்டில் தொடங்கிய மாணவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய் அமர்ந்தார். நம் சமுதாயக் கல்லூரியின் பட்டயம் பெற்ற மாணவர், இயற்பியல் இளங்கலையின் முதலாண்டில்கூட அதைக் காட்டிச் சேர முடியாது. பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. அந்த ஏற்பாட்டால் எத்தனையோ சிற்றூர்ப் பிள்ளைகள் பொறியாளராகி இருக்கின்றனர். அடிப்படை அறிவியலுக்கு அத்தகைய பக்கவழி அமைக்கப்படவில்லை. ஏழைக்குத் தொழில் போதும், ஆய்வு வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மையறியாமல் உள்ளே இருந்ததோ என நாம் கேட்டுக்கொள்வது நல்லது. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய கிரெடிட் வங்கி முறை, ஓரிடத்தில் பெற்ற பாடமதிப்பை வேறிடத்தில் பயன்படுத்த வழிசெய்வதாகக் கூறுகின்றது. கல்லூரிகள் ஒன்றையொன்று நம்பினால்தான் ஏட்டில் உள்ள அவ்வழி நடைபாதையாகும்.

கள்ளக்குறிச்சியில் நின்று பார்த்தால்

கள்ளக்குறிச்சி முன்பு தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. 1993-இல் விழுப்புரத்தோடு பிரிந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் நாடு முழுவதும் இம்மாவட்டத்தின் பெயரை உரக்கச் சொன்னது 2024 ஜூனில். அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நச்சுச் சாராயத்தின் பொருட்டு. அதன் பின்னரே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்கலாயிற்று. சாலை, மருத்துவம், வேலைவாய்ப்பு என அடிப்படைகள் அனைத்தும் அப்போதுதான் பேசப்பட்டன. இத்தகைய இடத்தில் இயற்பியல் ஆய்வைப் பற்றிப் பேசுவது பொருத்தமா எனச் சிலர் கேட்கலாம்.

இதற்கு மறுமொழி வடக்கே ஜவ்வாது மலையில் இருக்கின்றது. அங்கும் வாழ்பவர் இதே மலையாளிப் பழங்குடியினரே. அம்மலையில் காவலூர் என்னும் இடத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் 1960-களின் பிற்பகுதியிலிருந்து இயங்கி வருகின்றது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகம் அறிந்தபோது, அந்த நிகழ்வைக் கண்ட தொலைநோக்கிகளுள் ஒன்று காவலூரில் இருந்தது. இருள் தூய்மையாக இருந்ததால் இயற்பியல் மலையேறிச் சென்றது. மலையின் பிள்ளைகள் இயற்பியலுக்கு இறங்கி வருவதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

தயங்காதவரும் தோன்றிவிட்டனர். 2025-இல் கல்வராயன் மலையின் கருமந்துறைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர், அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் வென்றார். செய்தித்தாள்கள் அவரைப் பாராட்டின. பாராட்டு உரியதே. ஆயினும் ஒருவர் ஏறினார் என்பது செய்தியாக இருக்கும்வரை, படிக்கட்டு இன்னும் கட்டப்படவில்லை என்றே பொருள். பத்துப்பேர் ஏறி, அது செய்தியாகாமல் போகும் நாளே நாம் எதிர்நோக்க வேண்டிய நாள்.

இன்று திறந்திருக்கும் வழிகள்

நல்ல செய்தி ஒன்று உண்டு. பழைய பொதுத்தேர்வின் நேர்மை வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கின்றது. மாவட்டத்தின் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவர் 'ஜாம்' என்னும் தேர்வெழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அது வழி. 'ஜெஸ்ட்' தேர்வெழுதிச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் போன்ற ஆய்வு நிலையங்களுக்குச் செல்லலாம். முதுகலைக்குப் பின் 'நெட்' தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் திங்கள் ஒன்றுக்கு 37,000 ரூபாய் கிடைக்கின்றது. ஆராய்ச்சி என்றால் வீட்டிலிருந்து பணம் கேட்கும் படிப்பு என அஞ்சும் பெற்றோர்க்கு இதைச் சொல்ல வேண்டும். இத்தேர்வுகளின் கேள்வித்தாள் மாணவரின் கல்லூரிப் பெயரைக் கேட்பதில்லை.

ஆனால் அது நுண்கணிதம் கேட்கும். இங்கேதான் ஊர்க் கல்லூரி மாணவர் இடறுகின்றார். பல்கலைக்கழகத் தேர்வுக்கு விடைகளை மனப்பாடம் செய்து எழுபது விழுக்காடு பெற்றவர், புதிய கணக்கு ஒன்றைத் தாமே போட வேண்டிய தேர்வில் திகைத்து நிற்கின்றார். மூன்றாம் ஆண்டின் இறுதியில் விழித்துக்கொள்வதில் பயனில்லை. முதலாண்டின் முதல் திங்களிலேயே நாள்தோறும் கணக்குப் போடும் பழக்கம் வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்க்கு ஆங்கில நூலை வாசிக்கும் பயிற்சி வேண்டும். இந்திய அறிவியல் அகாதமிகள் ஆண்டுதோறும் நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்குமாறு சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். பிளஸ் டூவில் வேறு பிரிவு எடுத்துவிட்டவருங்கூடத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே இயற்பியலும் கணிதமும் எழுத இயலும். இவ்வழி இருப்பதைச் சொல்வார் இல்லாமையால் பலர் அறிவதில்லை.

நாம் செய்யக்கூடியது

கல்வி என்றால் துறவியரின் பணி, குருக்களின் பணி என ஒதுங்கி நிற்பது பொதுநிலையினராகிய நமக்கு எளிதாகிவிட்டது. பள்ளி கட்டுவது அவர்கள் பணியாகவே இருக்கட்டும். படிக்கட்டு கட்டுவதில் நமக்கும் பங்கு உண்டு.

ஓய்வுபெற்ற கணித, இயற்பியல் ஆசிரியர் இல்லாத பங்கு அரிது. வாரம் இருமுறை மாலை நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு நுண்கணிதம் சொல்லித்தரப் பெரிய கட்டடம் தேவையில்லை. கோவில் மண்டபமே போதும். அதில் சமயம் பாராமல் எல்லாப் பிள்ளைகளும் அமரலாம். பத்தாம் வகுப்பு முடிவு வரும் திங்களில், 'எந்தப் பிரிவு எடுக்கப் போகின்றாய்? அதனால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும்?' என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்க ஒருவர் போதும். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் மாணவிக்குக் கள்ளக்குறிச்சியில் பாதுகாப்பான விடுதி இடம் ஒன்றைப் பெற்றுத்தருவது, அவள் இயற்பியல் படிப்பாளா அல்லது பருவ வேலைக்கு அண்டை மாநிலம் செல்வாளா என்பதையே தீர்மானிக்கக்கூடும்.

நம் கல்லூரிகளும் ஓர் அடி முன்வரலாம. சமுதாயக் கல்லூரி நடத்தும் மறைமாவட்டமும், இயற்பியல் துறை வைத்திருக்கும் கத்தோலிக்கக் கல்லூரியும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை கூடிப் பேசி, அறிவியலுக்கெனப் பாலமாக ஓராண்டு வகுப்பு ஒன்றை அமைத்தால் என்ன? அதில் பள்ளிக் கணிதத்தை மீண்டும் அடியிலிருந்து கற்பிக்கலாம். திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்கு ஆயத்தம் செய்யலாம். தேறியவர்க்குத் தங்கள் இளங்கலை வகுப்பில் சில இடங்களை உறுதி செய்யலாம். தூய வளனார் கல்லூரி 1939-இல் வேற்று அரசின் எல்லைக்கப்பால் இருந்து வந்த மாணவர் ஒருவருக்கு இடம் கொடுத்தது. மலையிலிருந்து வருபவருக்கு இடம் கொடுப்பது அதைவிடக் கடினமன்று.

'ஏதோ படிக்கட்டும்' என்று இனி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும்முன், எதைப் படிக்க விரும்புகின்றது என்று அப்பிள்ளையிடமே ஒருமுறை கேட்போம். இயற்பியல் என்று அது சொன்னால் சிரிக்க வேண்டாம். அடுத்த படி எங்கே இருக்கின்றது என்று தேடிச் சொல்வோம். அங்கே படி இல்லையென்றால், அதை அமைக்க நம்மால் இயன்ற ஒரு கல்லையேனும் எடுத்து வைப்போம்.